ஹால்ல வைக்க ஒரே ஒரு மண் பொருள்: ஜெய்ப்பூர் நீலமா, நிஜாமாபாத் கருப்பா, மண் குதிரையா?

என் தங்கச்சி பெரம்பூர்ல புது ஃப்ளாட்டுக்குக் குடி போறா. பால் காய்ச்சுறதுக்கு என்ன வேணும்னு கேட்டேன். "மிக்ஸி குக்கர்லாம் வேணாம்ணா, ஹால்ல வைக்கிற மாதிரி கையால செஞ்ச மண் பொருள் ஒண்ணு வாங்கிக் குடு, வீட்டுக்கு வர்றவங்க நின்னு பார்க்கணும்"னு சொன்னா. பட்ஜெட் எட்டாயிரம், கூரியர் எல்லாம் சேர்த்து. அவ மனசுல ஏற்கனவே ஒண்ணு இருந்துச்சு, ஜெய்ப்பூர் நீலத்துல ரெண்டு அடி உயர பூ ஜாடி, சோஃபா பக்கத்துல தரையில வைக்கணும். போட்டோ அனுப்பியிருந்தா, பார்க்க ரொம்ப அழகாத்தான் இருந்துச்சு. ஆனா எனக்கு உடனே சரின்னு சொல்ல வரல, ஏன்னா அவ வீட்டுல ஆறு வயசுல ஒண்ணு நாலு வயசுல ஒண்ணு, ஹால்ல பந்து விளையாடுறதுதான் ரெண்டுக்கும் முழு நேர வேலை.

அதனால ஒரு மாசம் உக்காந்து விசாரிச்சேன், கண்காட்சியில செய்றவங்க கிட்டயே பேசினேன், என் வீட்டுல இருக்கிற பொருளையெல்லாம் எடுத்து வச்சுப் பார்த்தேன். கடைசியில மூணு ஆப்ஷன் நின்னுச்சு. ஜெய்ப்பூர் நீலம், உத்தரப்பிரதேசத்து நிஜாமாபாத் கருப்பு, அப்புறம் மண் குதிரை. குதிரையில மட்டும் ரெண்டு ஊர், வங்காளத்துல பாங்குரா, இங்க நம்ம அய்யனார் குதிரை. யாராவது இதே மாதிரி யோசிச்சுட்டு இருந்தா உதவும்னு எழுதுறேன். எது அழகுன்ற கேள்வியே எழாது, நாலும் அழகு. அந்தப் பொருள் எந்த இடத்துல இருக்கிறதுக்காக உருவாச்சு, அந்த இடம் உங்க வீட்டுல இருக்கான்றதுதான் நான் பார்த்த விஷயம்.

முதல்ல ஜெய்ப்பூர் நீலம், ஏன்னா நிறைய பேர் போட்டோ பார்த்து விழுறது இதுலதான். இதுல முதல் ஆச்சரியம், இது களிமண்ணே கிடையாது. குவார்ட்ஸ் கல்லை அரைச்ச மாவு, அது கூட கண்ணாடித் தூள், முல்தானி மிட்டி, வெண்காரம், பிசின், சோடா உப்பு இதெல்லாம் சேர்த்து தண்ணி விட்டுப் பிசையுறாங்க. நம்ம சப்பாத்தி மாவு மாதிரிதான் வரும், அதைத் தட்டையா தேச்சு அச்சுக்குள்ள அழுத்தி, உருவம் உள்வாங்காம இருக்க உள்ள சாம்பலை நிரப்பி வைக்கிறாங்க. களிமண்ணு கைக்கு வளைஞ்சு குடுக்கும், திருகையில, அதாவது குயவர் சக்கரத்துல, வச்சா தானா எழும்பி வரும், இந்த மாவுக்கு அந்த குணம் கிடையாது, அதனால கழுத்து, அடிப்பாகம் மாதிரி கொஞ்சம்தான் திருகையில செய்றது, மீதி எல்லாம் அச்சு. காஞ்சதும் ஒட்டி, தேச்சு வழவழப்பாக்கி, வெள்ளைப் பூச்சு குடுத்து, அதுக்கு மேல அணில் முடி பிரஷ்ல கோபால்ட் ஆக்சைடு தொட்டு கோடு போடுறாங்க. வரையும்போது அந்தக் கோடு நீலமா இருக்காதுங்க, கருப்பா மண்ணு கலர்ல இருக்கும். அது மேல கிளேஸ், அதாவது சுட்டா கண்ணாடி மாதிரி ஆகுற பூச்சு போட்டு, சூளையில வச்சு சுட்டு, ரெண்டு மூணு நாள் ஆறவிட்டு, சூளையைத் திறந்தாதான் அந்த நீலமே வெளிய வரும். டர்க்காய்ஸ் மாதிரி இருக்கிற பச்சை கலந்த நீலம் செம்பு ஆக்சைடுல வர்றது. அதாவது வரையுற ஆள் கண்ணுக்குத் தெரியாத கலரை மனசுல வச்சுக்கிட்டு வரையுறார், இதைக் கேட்டதுல இருந்து என் வீட்டுத் தட்டை நான் பார்க்கிற விதமே மாறிப் போச்சு.

இந்த வித்தை பாரசீகப் பக்கத்துல இருந்து வந்தது. சீனாவோட வெள்ளைப் பீங்கான் மாதிரி செய்யணும்னு அங்க இருந்தவங்க முயற்சி பண்ணி, அந்த மண்ணு கிடைக்காம குவார்ட்ஸ் மாவுல வெள்ளையைக் கொண்டு வந்தாங்க. ஜெய்ப்பூர்ல இது 19ஆம் நூற்றாண்டுல சவாய் ராம் சிங் காலத்துல வேரூன்றுச்சு. அதுக்கு ஒரு கதை சொல்றாங்க, பயானா ஊர்ல இருந்து வந்த சூராமன், காலூராம்னு ரெண்டு அண்ணன் தம்பி காத்தாடிப் போட்டியில ராஜாவோட காத்தாடியவே அறுத்துட்டாங்களாம், எப்படிடான்னு கேட்டா அவங்க வேலைக்கு அரைக்கிற கண்ணாடித் தூளை நூல்ல பூசி மாஞ்சா போட்டிருந்தாங்களாம். ராஜா கோவிச்சுக்காம இந்த வேலையை மத்தவங்களுக்கும் சொல்லிக் குடுங்கன்னு வச்சுக்கிட்டாராம். கதைதான், ஆனா மாஞ்சா போட்டு வளர்ந்த வடசென்னை ஆளுக்கு இது உடனே நெஞ்சுல ஒட்டிக்கும். அப்புறம் 1950கள்ல இது கிட்டத்தட்ட அழிஞ்சே போச்சு. அதைத் திரும்ப எழுப்பினவர் ஓவியர் கிருபால் சிங் ஷெகாவத், கைவினைகளை மீட்க உழைச்ச கமலாதேவி சட்டோபாத்யாயும் ஜெய்ப்பூர் ராஜமாதா காயத்ரி தேவியும் பின்னால நின்னாங்க. அவருக்கு 1974ல பத்மஸ்ரீ குடுத்தாங்க. இன்னைக்கு நாம பார்க்கிற அத்தனை நீலத் தட்டுக்கும் ஜாடிக்கும் பின்னாடி அந்த ஒரு மனுஷனோட பிடிவாதம் இருக்கு, அதை மறக்கக் கூடாது.

சரி, இதை வாங்கலாமா? இது ஒரே தடவை, 800ல இருந்து 850 டிகிரி அளவுலதான் சுடுறது. பீங்கான் எல்லாம் 1200 டிகிரிக்கு மேல போகும். அதனால பார்க்கப் பீங்கான் மாதிரி இருந்தாலும் பீங்கானோட பலம் இதுக்கு இல்ல. ஓரம் லேசா எங்கயாவது இடிச்சா சில்லு போயிடும், உள்ள வெள்ளையா கல்லு மாவு தெரியும், அந்த நீலத்துல அந்த வெள்ளைப் புள்ளி எங்க இருந்து பார்த்தாலும் கண்ணுல குத்தும். பெரிய ஜாடின்னா பல அச்சுத் துண்டு சேர்த்து ஒட்டினது, ஒட்டின இடம்தான் முதல்ல விடும். எனக்கே இது ஆச்சு, ஆன்லைன்ல ஒரு கடையில ஒண்ணரை அடி ஜாடி ஆர்டர் பண்ணேன், அட்டைப்பெட்டியில ஒரே ஒரு சுத்து பபிள் ஷீட் சுத்தி அனுப்பியிருந்தாங்க, கழுத்து தனியா உடம்பு தனியா வந்துச்சு. பணம் திரும்ப வந்துச்சு, ஆனா யாரோ ஒருத்தர் அத்தனை இலை அத்தனை பூவை கையால போட்ட பொருள் குப்பைக்குப் போச்சேன்னு ரெண்டு நாள் மனசு ஆறல.

நீலத்தோட பெரிய பலம் என்னன்னா கலர் போகவே போகாது. கிளேஸுக்கு அடியில உலோக ஆக்சைடா உறைஞ்சு இருக்கிறதால ஜன்னல் வெயில்ல வருஷக்கணக்கா வச்சாலும் மங்காது, ஈரத் துணியால துடைச்சா அன்னைக்கு வாங்கினது மாதிரி ஆயிடும். சமையலறைப் புகை, எண்ணெய்ப் பிசுக்கு எதுவும் பிரச்சனை இல்ல. ஆனா சாப்பாடு வைக்கிறதுக்கு நான் ஒத்துக்க மாட்டேன், பழைய முறையில கிளேஸ்ல ஈயம் சேர்க்கிறது வழக்கம், இப்ப ஈயம் இல்லாததும் வருது, செய்றவர் தெளிவா சொன்னா ஒழிய அலங்காரத்துக்கு மட்டும் வச்சுக்கோங்க.

இன்னொண்ணு, நீலமா பூப் போட்டது எல்லாம் ஜெய்ப்பூர் நீலம் கிடையாது. சாதாரண பீங்கான்ல நீலப் பூ ஸ்டிக்கர் ஒட்டிச் சுட்டதையும் அதே பேர் சொல்லி விக்கிறாங்க. அடியில கிளேஸ் படாத வளையம் இருக்கும், அங்க விரலை வச்சுப் பாருங்க, நிஜமானதுன்னா வெள்ளையா நறநறன்னு இருக்கும். ஒரே பூ ரெண்டு இடத்துல வந்தா ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க, கையால போட்டதுன்னா ஒரு இதழ் கொஞ்சம் தடிச்சும் இன்னொண்ணு மெலிஞ்சும் இருக்கும். நம்ம பாட்டி எல்லாம் பானை வாங்கும்போது முட்டியால தட்டி கணீர்னு சத்தம் வருதான்னு பார்ப்பாங்க இல்ல, அந்தப் பரிச்சை இங்க தலைகீழ். ஜெய்ப்பூர் நீலத்தைத் தட்டினா மொத்துன்னுதான் கேக்கும், கணீர்னு மணி மாதிரி அடிச்சா அது பீங்கான்.

அடுத்து நிஜாமாபாத் கருப்பு. இது அசம்கர் மாவட்டத்துல இருக்கிற ஊர், தெலங்கானா நிஜாமாபாத்னு நினைச்சுக்காதீங்க, நானும் முதல்ல அப்படித்தான் தேடினேன். ஔரங்கசீப் காலத்துல குஜராத்ல இருந்து வந்த குயவர்கள் ஆரம்பிச்சதுன்னு சொல்வாங்க. குளத்து மண்ணை எடுத்து வனைஞ்சு, மாம்பட்டை, மூங்கில் இலை, ஆடாதோடை இலை இதெல்லாம் சேர்ந்த ஒரு கரைசலை மேல பூசி, கடுகு எண்ணெய் தேச்சு மெருகு ஏத்தி, கூரான குச்சியால பூவும் கொடியும் கீறுறாங்க. அப்புறம் மூடின சூளையில உமியைப் போட்டுப் புகைய விட்டு சுடுறது. காத்து உள்ள போகாம புகை முழுக்க மண்ணுக்குள்ள இறங்குறதாலதான் அந்தக் கருப்பு, பெயிண்ட் ஒரு சொட்டு கூட கிடையாது. சுட்டு எடுத்ததுக்கு அப்புறம் கீறின கோட்டுக்குள்ள வெள்ளி மாதிரி மின்னுற பொடியைத் தேச்சு நிரப்புறாங்க. ஹைதராபாத் பக்கத்து பித்ரி வேலை பார்த்திருந்தா அந்த சாயல் உடனே தெரியும், அங்க உலோகத்துல செய்றதை இங்க மண்ணுல செஞ்சு காட்டியிருக்காங்க.

இதுக்கு 2015ல புவிசார் குறியீடு கிடைச்சுது. 2022ல ஜெர்மனியில நடந்த ஜி7 மாநாட்டுல நம்ம பிரதமர் ஜப்பான் பிரதமருக்கு இதைத்தான் பரிசா குடுத்தார்.

கையில எடுத்துப் பார்த்தா மனசைக் கட்டிப் போடுற பொருள் மூணுல இதுதான், நேர்மையா சொல்றேன். சின்ன கூஜா ஒண்ணு கண்காட்சியில வாங்கினேன், முன்னூறு ரூபா சொச்சம். ராத்திரி ஹால் லைட்டை அணைச்சுட்டு ஒரு மஞ்ச விளக்கு மட்டும் போட்டா அந்த வெள்ளிக் கோடு மட்டும் தனியா மிதக்கிற மாதிரி தெரியும். ஆனா அந்த வெள்ளிப் பொடியில பாதரசம் இருக்கு, துத்தநாகமோ ஈயமோ தகரமோ சேர்த்துக் கலக்குறது. அதனால தண்ணி குடிக்கவோ சாப்பாடு வைக்கவோ கூடாது, இதுலயே டீ கப் செட் எல்லாம் விக்கிறாங்க, தயவுசெஞ்சு அலமாரியில மட்டும் வைங்க. குழந்தைங்க வாயில வைக்கிற உயரத்துலயும் வேணாம். சோப்பு போட்டுத் தேச்சா கோட்டுல இருக்கிற பொடி கொஞ்சம் கொஞ்சமா கிளம்பிடும், காஞ்ச மெல்லிசு துணி மட்டும்தான். என் கூஜா நாலு வருஷத்துல வெள்ளி கொஞ்சம் மங்கிப் பழைய கொலுசு கலருக்கு வந்திருக்கு, எனக்கு அது பிடிச்சுதான் இருக்கு, எல்லாருக்கும் பிடிக்கும்னு சொல்ல முடியாது.

போலியைக் கண்டுபிடிக்கிறது இங்க சுலபம். செங்கல் கலர் பொம்மைக்கு கருப்பு எனாமல் அடிச்சு வெள்ளி பெயிண்ட்ல பூ வரைஞ்சு வச்சிருப்பாங்க. நகத்தால தடவினா நிஜமானதுல கோடு பள்ளமா உரசும், போலியில மேல தடிப்பா நிக்கும். அடிப்பக்கம் லேசா சுரண்டிப் பார்த்தா உள்ளயும் கருப்பு போயிருக்கணும்.

தங்கச்சி கேஸுக்கு இது ஏன் ஒத்து வரலன்னா, இது கிட்ட வந்து பார்க்கிற பொருள். ஒரு அடி தூரத்துல இருந்து பார்த்தாதான் அந்த நுணுக்கம் தெரியும், பத்தடி தள்ளி சோஃபாவுல உக்காந்து பார்த்தா வெறும் கருப்பு ஜாடி. வீட்டுல ஒரு படிக்கிற மேசை, கட்டில் பக்கத்து ஸ்டூல், கண்ணாடி போட்ட ஷோகேஸ், இந்த மாதிரி இடம் இருந்தா கண்ணை மூடிக்கிட்டு வாங்கலாம். ஐநூறு ரூபாய்க்குள்ள பரிசு குடுக்கணும்னாலும் என் பதில் எப்பவும் இதுதான்.

இப்ப குதிரைக்கு வர்றேன், எனக்கு ரொம்பப் பேச ஆசையான இடம்.

பாங்குரா குதிரையை எல்லாரும் எங்கயாவது பார்த்திருப்பீங்க. நீளமா நிமிர்ந்த கழுத்து, இலை மாதிரி நட்டுக்கிட்டு நிக்கிற காது, அகில இந்திய கைவினைப் பொருள் வாரியத்துக்குச் சின்னமாவே இருந்த உருவம். செய்ற ஊர் பாஞ்ச்முரா, பிஷ்ணுபூர் பக்கத்துல. பிஷ்ணுபூர்னா மல்ல ராஜாக்கள் 17ஆம் நூற்றாண்டுல சுடுமண் பலகையாலயே கோயில் சுவர் முழுக்க நிரப்பின ஊர், 1655ல கட்டின ஜோர் பங்களா கோயில் போட்டோ ஒரு தடவை தேடிப் பாருங்க, அந்த மண்ணுக்கும் அந்தக் கைக்கும் இருக்கிற உறவு புரிஞ்சுடும். குதிரையை அவங்க ஷோகேஸுக்காக செய்ய ஆரம்பிக்கல, தர்மதாக்கூர்னு கிராம சாமிக்கு நேர்ந்துக்கிட்டு வைக்கிறதுக்காக செஞ்சது. நாலு கால், உடம்பு, கழுத்து, முகம் எல்லாம் தனித்தனியா திருகையில வனைஞ்சு, பச்சையா இருக்கும்போதே சேர்த்து, ஒட்டின இடத்துல மண்ணு வச்சு பூசி, மெதுவா காய வைக்கிறாங்க. காயுறதும் வேகுறதும் ஒரே சீரா இருக்கணும்னு உடம்புல ஓட்டை விட்டிருப்பாங்க, அதைப் பார்த்து டேமேஜ்னு திருப்பி அனுப்பிடாதீங்க. சூளையில புகை வெளிய போக வழி விட்டா சிவப்புக் குதிரை, வழியை அடைச்சுட்டா அதே மண்ணு கருப்புக் குதிரை.

ஒரு பெரிய வசதி, காதும் வாலும் தனியா செஞ்சு சொருகுறது. அதனால பார்சல்ல காதைக் கழட்டி தனியா சுத்தி அனுப்ப முடியும், உடையுற இடம் ஏற்கனவே தனியா வந்துடுது. திருகையில வனைஞ்சதால சுவர் மெல்லிசு, ரெண்டடி குதிரையைக் கூட ஒருத்தர் தூக்கிடலாம். விலையும் பரவாயில்ல, நான் விசாரிச்சப்ப ரெண்டடி ஜோடி ஆறாயிரம் பக்கம் சொன்னாங்க, கூரியர் தனி.

நம்ம அய்யனார் குதிரை வேற ஜாதி உடம்பு. புதுக்கோட்டைப் பக்கம் போயிருந்தா தெரியும், ஊர் எல்லையில மரத்தடியில வரிசையா நிக்கும், பத்தடிக்கு மேல நிக்கிறதும் உண்டு. செய்றவங்க வேளார்னு சொல்ற குயவர்கள், பல ஊர்ல அவங்களேதான் அய்யனாருக்குப் பூசாரியும். புரவியெடுப்பு, அதாவது சாமிக்குக் குதிரை செஞ்சு கொண்டு போய் வைக்கிற திருவிழா, வைக்கணும்னு ஊர் கூடி முடிவு பண்ணா, கோயில் இடத்துல இருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து வேளார் கையில குடுப்பாங்க, அதுக்குப் பேரே பிடிமண். அந்த மண்ணையும் சேர்த்துதான் குதிரை செய்றது. களிமண்ணுல மணலும் உமியும் கலந்து மிதிச்சு, முதல்ல நாலு காலை உருளையா எழுப்பி, அது கொஞ்சம் இறுகினதும் மேல வயிறு, அப்புறம் நெஞ்சு, கழுத்துன்னு திருகையே இல்லாம கையாலயே ஏத்திக்கிட்டுப் போறாங்க. உமி ஏன்னா, சூட்டுல அது எரிஞ்சு போய் மண்ணுக்குள்ள பொடிப் பொடியா துவாரம் விட்டுடும், அதனால அவ்ளோ தடிச்ச சுவரும் உள்ள இருக்கிற ஈரம் ஆவியாகும்போது வெடிக்காம தாங்கும். வைக்கோல், விறகு, வறட்டி அடுக்கி சுட்டு, கலர் குடுத்து, கண் திறந்து, ஊரே தோள்ல தூக்கிக்கிட்டுக் கோயிலுக்குக் கொண்டு போகும்.

அங்க போய் நின்ன குதிரையை அதுக்கப்புறம் யாரும் துடைக்கிறதில்ல, கூரை போடுறதில்ல. வெயில், மழை, பாசி, செடி எல்லாம் அது மேலதான். பழசு இடிஞ்சு மண்ணாகும், பக்கத்துல புதுசு வந்து நிக்கும். இதை நான் சொல்றதுக்குக் காரணம் இருக்கு, வெட்டவெளிக்காகப் பொறந்த பொருள் இது, பால்கனியில வச்சா மழைச்சாரலுக்குப் பயப்பட வேண்டியதே இல்ல. ஜெய்ப்பூர் நீலம் அரண்மனை நிழல்ல வளர்ந்தது, அதைக் கொண்டு வந்து ரெண்டு பசங்க பந்து விளையாடுற தரையில நிறுத்துறது அந்தப் பொருளுக்குச் செய்ற அநியாயம்னு தங்கச்சி கிட்ட சொன்னேன்.

கோயில் குதிரையை யாரும் விக்க மாட்டாங்க, வாங்கவும் கூடாது. வீட்டுக்குன்னு ஒரு அடியில இருந்து மூணடி வரைக்கும் தனியா செஞ்சு தர்றாங்க. புதுச்சேரி பக்கத்துல வில்லியனூர் சுடுமண் வேலைக்கும் புவிசார் குறியீடு இருக்கு, அந்தப் பகுதிக் கலைஞர் முனுசாமிக்கு 2020ல பத்மஸ்ரீ குடுத்தாங்க, சென்னையில இருக்கிறவங்களுக்கு மூணு மணி நேரத்துல போய்ச் சேர்ற இடம். அவ்ளோ தூரம் வேணாம்னா முதல்ல முட்டுக்காடு தட்சிணசித்ரால இருக்கிற அய்யனார் குதிரைகளைப் போய்ப் பாருங்க, உயரமும் கம்பீரமும் என்னன்னு கண்ணால பார்த்துட்டு அப்புறம் உங்க வீட்டுக்கு எந்த சைஸ்னு முடிவு பண்ணலாம், போட்டோல சைஸ் புரியவே புரியாது.

ரெண்டு குதிரைல எதுன்னு கேட்டா, ஹால் உள்ள, டிவி யூனிட் பக்கம், மெல்லிசா ஸ்டைலா வேணும்னா பாங்குரா ஜோடி. அது தூரத்துல இருந்து பார்த்தாலும் வெளிக்கோடே பேசும், கண்ணு மூக்கு தெரியலைன்னாலும் அந்தக் கழுத்து வளைவு போதும். ஆனா காது சொருகினதுன்றதால குழந்தைங்க உருவி எடுத்துடுவாங்க, எடுத்தா கீழ போடுவாங்க. அய்யனார் குதிரை கனம், தரையில நின்னா நாலு வயசுப் பையன் முட்டினாலும் அசையாது, மாலையும் மணியும் உடம்புலயே மண்ணுல பதிச்சிருக்கும், உருவி எடுக்க ஒண்ணும் இல்ல. கனம்ன்றதாலயே கூரியர்ல வரவழைக்கிறது சரிப்படாது, நேர்ல போய் கார்ல வச்சுக் கொண்டு வரணும், பின் சீட்ல பழைய மெத்தை போட்டு படுக்க வச்சு.

சுடுமண்ணுக்கு இருக்கிற குறையையும் சொல்லிடணும். கிளேஸ் இல்லாததால தண்ணி உறிஞ்சும், சில நாள் கழிச்சு கால் பக்கம் வெள்ளையா உப்பு பூக்கும், சென்னைக் காத்துல இன்னும் கொஞ்சம் சீக்கிரம். காஞ்ச பிரஷ்ல தட்டி விட்டா போயிடும், பயப்பட வேண்டியதில்ல. எண்ணெய் தடவினா பளபளன்னு இருக்கும்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, தூசி எல்லாம் வந்து ஒட்டி ஆறு மாசத்துல பிசுபிசுன்னு ஆயிடும். உடைஞ்சா ஒட்டுறது மூணுலயும் இதுலதான் சுலபம், எபாக்ஸி வச்சு ஒட்டி, மேல செங்கல் தூள் தடவினா தேடினாத்தான் கோடு தெரியும். வாங்கும்போது பாட்டி மாதிரியே தட்டிப் பாருங்க, இங்க அந்தப் பரிச்சை செல்லும். தொப்புன்னு கேட்டா உள்ள விரிசல் இருக்கு, இல்ல வேகல. வேகாத குதிரை ரெண்டு மழைக்காலத்துல காலுல இருந்து உதிர ஆரம்பிக்கும்.

இதையெல்லாம் சொன்னதும் தங்கச்சி, "எல்லாம் சரிண்ணா, ஆனா எனக்கு அந்த நீலம் வேணுமே"ன்னா. அவ சொல்றதும் நியாயம்தான், ஆசைப்பட்ட கலரை விட்டுட்டு அறிவா ஒண்ணு வாங்கி வச்சா அதைப் பார்க்கும்போதெல்லாம் ஆசைப்பட்டதுதான் ஞாபகத்துக்கு வரும். அப்பதான் யோசிச்சேன், நீலத்தை ஏன் ஜாடியாவே வாங்கணும்? ஜெய்ப்பூர் நீலத்துல சுவர்ல பதிக்கிற டைல்ஸ் வருது, அலமாரிக் கதவுக்கும் டிராயருக்கும் போடுற கைப்பிடிக் குமிழ் வருது. குமிழ் ஒண்ணு நூறு ரூபாய்க்குள்ளதான் சொன்னாங்க. சுவர்ல ஒட்டிட்டா இடிபடாது, விழாது, ஜன்னல் வெயில் பட்டாலும் மங்காது, கை பிசுக்கு பட்டா துடைச்சா போச்சு. அந்தப் பொருளோட பலம் எல்லாம் வேலை செய்யும், பலவீனம் எதுவும் குறுக்க வராது.

அதனால முடிவு இப்படி ஆச்சு. பூஜை அலமாரியும் ஷோகேஸும் சேர்த்து பன்னெண்டு நீலக் குமிழ், கை கழுவுற பேசினுக்கு மேல வரிசையா ஆறு டைல்ஸ், ரெண்டும் சேர்ந்து ரெண்டாயிரத்து ஐநூறுக்குள்ள முடிஞ்சுது. டைல்ஸ் ஒட்டும்போது மேஸ்திரி சுத்தியால தட்டப் போனார், நான் பக்கத்துல நின்னு கையாலயே அழுத்த வச்சேன், நீங்களும் நில்லுங்க. ஹாலுக்கும் பால்கனிக்கும் நடுவுல இருக்கிற அந்த மூலைக்கு ரெண்டேகால் அடியில ஒரு அய்யனார் குதிரை, ஒத்தைக் குதிரை, கலர் அடிக்காம வெறும் சுட்ட மண்ணு கலர்லயே. நேர்ல போய், நாலு குதிரையைத் தட்டிப் பார்த்து, மூணாவதா தட்டினதை எடுத்தோம். நாலாயிரத்து எண்ணூறு சொன்னார், ஒரு ரூபா குறைச்சுக் கேக்கல, பதினஞ்சு நாள் ஒரு ஆளோட கை அதுல இருந்திருக்கு. மீதிப் பணத்துல அவ படிக்கிற மேசைக்கு நிஜாமாபாத் ஊதுவத்தி ஸ்டாண்டு ஒண்ணு நானே சேர்த்து வாங்கி வச்சுட்டேன், பசங்க கைக்கு எட்டாத தட்டுல.

உங்க வீட்டுல சின்னப் பசங்க இல்ல, சுவரோட சேர்ந்த ஒரு ஷெல்ஃப் இருக்கு, கீழ விழ வழியில்லன்னா நீல ஜாடியே வாங்குங்க, நான் தடுக்கவே மாட்டேன், ஒரு அடிக்குள்ள இருக்கிறதா பாருங்க, முடிஞ்சா ஜெய்ப்பூர் போறவங்க கிட்ட சொல்லி கைப்பையில வச்சுக் கொண்டு வரச் சொல்லுங்க. வாடகை வீடு, ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு தடவை மாறுவீங்கன்னா பாங்குரா ஜோடி, காதைக் கழட்டி வச்சுட்டா லாரியில தைரியமா ஏத்தலாம்.

குதிரை வந்த அன்னைக்கு ராத்திரி தங்கச்சி போன் பண்ணா. சின்னவன் அதுக்கு முன்னாடி ஒரு கிண்ணத்துல பொரி வச்சுட்டு, அது சாப்பிடுற வரைக்கும் தூங்க மாட்டேன்னு உக்காந்திருக்கானாம்.